பேனல் போச்சு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

ஏழெட்டு வருஷம் உழைத்த லேப்டாப்பில் ஒருநாள் திரையில் கோடு விழுந்தால், உடனே பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு, போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் புதுப் பேனல் வாங்கி மாட்டினேன். கோடு அசையாமல் அங்கேயே நின்றது! கோளாறு பேனலில் இல்லை, கீல் வழியாக மேலே போகும் டிஸ்ப்ளே கேபிளில். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது, எத்தனை வருஷம்தான் தாங்கும்? மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கோணம் மாறும்போது கோடு வந்து வந்து போனால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

அடுத்த தவறு, விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. பாதி நாள் வீண். அதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், அங்கேயே கோடு தெரிந்தால் விண்டோஸ் மேலோ டிரைவர் மென்பொருள் மேலோ பழி போட முடியாது. அப்புறம் ஹெச்டிஎம்ஐ வயரை டிவியில் சொருகுங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் கோளாறு பேனல் பக்கமோ கேபிள் பக்கமோதான். டிவியிலும், பயாஸிலும் அதே கோடு என்றால் கிராபிக்ஸ் சிப்பைத்தான் பார்க்க வேண்டும். அந்தச் சிப்பை ஹீட் கன்னால் சுட்டு உயிர் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், பெரும்பாலும் கொஞ்ச நாள்தான் ஓடும்.

திரை முழுக்க இருட்டா? அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரை மேல் சாய்வாக அடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளி மட்டும் இல்லை. 2010க்கு முந்தைய பல மாடல்களில் இதற்கு, பின்னொளிக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் என்ற சின்ன போர்டு காரணமாக இருக்கலாம். இன்னொரு வேடிக்கை, காந்தம் வைத்த போன் கவரைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாலே சில லேப்டாப்புகள் மூடி சாத்திவிட்டார்கள் என்று நினைத்துத் திரையை அணைத்துவிடும்.

சரி, கழற்றியே ஆக வேண்டும் என்றால் சார்ஜரை உருவினால் மட்டும் போதாது, பேட்டரி இணைப்பையும் எடுங்கள். மின்சாரம் இருக்கும்போதே டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்கினால் மதர்போர்டில் அரிசி மணியை விடச் சின்னதாக இருக்கும் பின்னொளி ஃபியூஸ் போய்விடலாம், அப்புறம் எந்தப் பேனலை மாட்டினாலும் இருட்டுதான். பேனல் வாங்கும்போதும் லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலில் கேபிள் சொருகும் இடத்தில் 30 பின், 40 பின் இரண்டும் வந்திருக்கலாம். பேனல் முதுகில் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் கணக்கு.

நான் வாங்கிய பேனல் இன்னும் பரண் மேல் கிடக்கிறது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்பு ஃபிலிமை உரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.