ரூலெட்: கோவா டூருக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் கோவா டூர் பேச்சு எழுந்தாலே, கூடவே ஒரு ரூலெட் டெக்னிக்கும் வந்துவிடுகிறது. ரூலெட் என்பது சூதாட்ட விடுதியில் சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம். சிவப்பில் நூறு ரூபாய் கட்டு, போனால் இருநூறு, அதுவும் போனால் நானூறு. சிவப்பு விழும்போது போட்டதெல்லாம் திரும்பி, நூறு ரூபாய் லாபம் நிற்கும் என்கிறார்கள். மார்ட்டிங்கேல் என்று இதற்குப் பெயர். பணத்தை வேகமாகக் கரைக்கும் தவறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும். எட்டாவது முறைக்கு 12,800 வேண்டும். ஜெயித்தாலும் லாபம் அதே நூறுதான். அதற்குள் மேசையின் உச்சவரம்பு, அதாவது ஒரு சுற்றில் கட்ட அனுமதிக்கும் அதிகபட்சத் தொகை, குறுக்கே வரலாம். ஏழு தோல்வி அபூர்வமும் இல்லை. ஒரே ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில், இப்படி நூறு ரூபாயில் ஆரம்பிக்கும் ஆட்டங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று அப்படித்தான் முடியும். கொலுசுப் பட்டறையில் வாரக்கூலி வாங்கும் பையனுக்கு அந்த ஒன்று போதும், பல வாரச் சம்பாத்தியம் போய்விடும்.

டலம்பெர்ட், ஃபிபனாச்சி என்று தோற்றால் பந்தயத்தை ஏற்றும் வேறு முறைகளும் உண்டு, அவற்றில் பந்தயம் மெதுவாக ஏறும். மற்றபடி சூதாட்ட விடுதிக்குப் போகும் பங்கு மாறாது.

அந்தப் பங்கு பச்சைப் பூஜ்யத்தில் இருக்கிறது. சக்கரத்தில் 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு 0, ஆக 37 குழிகள். ஒரே ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் 36 மடங்கு லாபம் தந்தால்தான் நியாயம், தருவது 35. நூறு ரூபாய்க்குச் சராசரியாக 2.70 ரூபாய் விடுதிக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் 00 வேறு உண்டு, அங்கே 5.26. இதைப் பார்க்காமல் உட்காருவது பெரிய தவறு.

அப்புறம், மேசைக்குப் பக்கத்தில் முந்தைய எண்களைக் காட்டும் பலகை. "இவ்வளவு நேரம் கறுப்பு, இனி சிவப்புதான்" என்று தோன்றும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. சிவப்பை நம்பிக் கட்டியவர்கள் நிறைய இழந்தார்கள். எந்தச் சுற்றிலும் சிவப்புக்கு வாய்ப்பு 37இல் 18தான்.

ஏற்காட்டில் ரூம் போட்டு, போனில் வந்த லிங்கில் ஆடுவது இதையெல்லாம்விட மோசம். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை இருக்கிறது. திரையில் சுற்றும் பந்து நேர்மையானதா என்று சோதிக்க நமக்கு வழியில்லை, ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்கவும் ஆளில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். தாமதமானால் அந்தப் பணத்தை முடக்குவது கஷ்டம்.