ஹேமர் பவளம் சுருங்கியபோது: காரத்தன்மையை நிலைநிறுத்திய விதம்

என் கடல்நீர்த் தொட்டியில் வளரும் ஹேமர் பவளத்தின் (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட பவளம்) கைகள் பாதிதான் விரிந்தன. சதை விளிம்பு விலகி வெள்ளை எலும்பு தெரிந்தது. 100 லிட்டர் தொட்டி. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, இரண்டும் சரி. காரத்தன்மை (பவளம் எலும்பு கட்டப் பயன்படும் கார்பனேட்டின் அளவு) மட்டும் 6 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), குறைவு; சமையல் சோடா சேர்த்தாலும் ஏறி நிற்கவில்லை. ஹீட்டரிலும் பம்ப் விசிறியிலும் சுண்ணப் படிவு. அங்கேதான் விடை இருந்தது. நீரில் மெக்னீசியம் 1150 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மட்டுமே, குறைவு. அது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் எளிதில் சேர்ந்து படிந்துவிடும், பவளத்துக்குக் கிடைக்காது.

ஆகவே முதலில் மெக்னீசியம். மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட், நாளுக்கு 42 கிராம், மூன்று நாள், 1300 வந்தது. பிறகுதான் சமையல் சோடா. 100 லிட்டரில் 1 டி.கே.எச். உயர 3 கிராம் வேண்டும். நாளுக்கு அரை டி.கே.எச்.தான் ஏற்றினேன்: 1.5 கிராம், கூடவே பவளம் அன்றாடம் உறிஞ்சும் அளவு. கால் லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து, ஓட்டம் வலுவாக உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக. கால்சியம் கரைசலை அதே நேரத்தில் ஊற்றவே கூடாது, உடனே பால்போல் கலங்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் மிச்சமிருக்கும் சதையும் கருகும்.

காரத்தன்மையை 8.5 டி.கே.எச்.-இல் நிறுத்தினேன். பவளத்தின்மேல் நேராக அடித்த நீரோட்டத்தையும் சற்றுத் திருப்பினேன். சதை விலகுவது நின்றது, கைகள் மறுபடி விரிந்தன.