சபை முகம் சுளிக்கும்போது பிரசங்கியார் செய்யும் தவறுகள்

கல்லறைத் தோட்டத்திலும் ஜாதி பார்க்கிற ஒரு சபையில், யாக்கோபு 2-ஆம் அதிகாரத்திலிருந்து பட்சபாதத்தைப் பற்றிப் பேச ஆயத்தமாயிருந்தேன். ஆலயத்தின் உடைமாற்று அறையான வெஸ்ட்ரியில் அங்கி மாட்டும்போது கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்தார். "அசனம் நல்லபடியா முடியட்டும் ஐயா, பொறவு பேசிக்கிடலாம்." நல்ல மனிதர், சபைக்காக உழைத்தவர். அவர் சொல்லுக்கு இணங்கினேன். சபையின் பொது விருந்தான அசனம் முடிந்தது, அறுப்பின் பண்டிகை வந்தது, கிறிஸ்துமஸும் வந்தது. அந்தப் பிரசங்கம் என் பைபிளுக்குள் மடித்தபடியே கிடந்தது.

முதல் தவறு இதுதான். நாம் வசனத்தை மறுதலிப்பதில்லை, தள்ளிப்போடுகிறோம். "சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை மனப்பாடமாகச் சொல்லுவோம். ஆனால் சமயம் வாய்க்கட்டும் என்றே காத்திருப்போம்.

எரேமியா 36-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கி.மு. 604 வாக்கில், குளிர்காலம். யூதாவின் ராஜா யோயாக்கீம் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கர்த்தர் சொன்னதை எரேமியா தீர்க்கதரிசி எழுதுவித்த சுருளில், அரண்மனை ஆளான யெகுதி மூன்று நாலு பத்திகள் வாசித்ததும், ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுதும் இப்படியே போகிறது. எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சியும் அவன் கேட்கவில்லை. இந்தப் பகுதி என்னைக் குத்துகிற இடம் ஒன்று உண்டு. இன்று அந்தக் கத்தி ராஜாவின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. ஆராதனையின் வேதபாட வாசிப்பைச் சங்கடமான வசனத்துக்கு முந்தின வசனத்தோடு நிறுத்துகிறோமே, அதுவும் அறுப்புதான்.

எரேமியா பிறகு என்ன செய்தார்? வேறொரு சுருள் எடுத்து, தன் எழுத்தரான பாருக்கைக் கொண்டு அதே வார்த்தைகளைத் திரும்ப எழுதுவித்தார். ஒன்றும் குறையவில்லை, இன்னும் அநேக வார்த்தைகள் கூடின.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிலர் சத்தம் போட்டுத் திட்டுவதையே வைராக்கியம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நாலு பேர் எழுந்து போனால், "பார்த்தீர்களா, சத்தியம் சுடுகிறது" என்கிறார்கள். சுட்டது சத்தியமா, நம் கோபமா? தீமோத்தேயுவைக் கடிந்துகொள்ளச் சொன்ன அதே வசனம் "எல்லா நீடிய சாந்தத்தோடும்" என்றும் சொல்லுகிறது. எபேசுவில் பவுல் மூன்று வருஷம் புத்திசொன்னது கண்ணீரோடே. எரேமியாவின் சுருளும் ஜனங்கள் திரும்பினால் கர்த்தர் மன்னிப்பார் என்பதற்காகவே எழுதப்பட்டது.

பிரசங்க பீடத்திலிருந்து ஒருவரை ஜாடையாகக் குத்துவது கோழைத்தனம். அவரால் பதில் பேச முடியாது, சபை முழுதும் அவரைத் திரும்பிப் பார்க்கும். நாத்தான் தீர்க்கதரிசி, பாவம் செய்த தாவீது ராஜாவிடமே போய், "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

நம் சொந்த அபிப்பிராயத்தை வேதம் சொல்வதாகப் பேசுவதும் தவறு. புடவையா சுடிதாரா என்பதற்கு மிரட்டுகிற குரலில் பேசினால், யாக்கோபு 2-க்கு அதே குரலை ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

அந்தப் பிரசங்கத்தைப் பிறகு பண்ணினேன். முடிந்ததும் வெஸ்ட்ரி வழியாக வீட்டுக்குப் போய்விடத் தோன்றியது. போகாமல் வாசலில் நின்றேன். பெரியவர் என் கையைப் பிடிக்காமல் கடந்து போனார். அந்த வாரமே அவர் மனைவிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஜெபிக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர்தான் கதவைத் திறந்தார்.