உடல்நோயும் மனநோயும் சேர்ந்தவருக்கு ஆக்குப்பேஷனல் தெரபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் பெயர் வைத்துவிட்டதாலோ என்னவோ, ஆக்குப்பேஷனல் தெரபி என்றால் மெழுகுவத்தி செய்யவும் கூடை முடையவும் கற்றுத்தருவது என்றே பலர் எண்ணுகின்றனர். மருத்துவமனைப் படுக்கையில் அதன் முதல் வேலை, எழுவது, குளிப்பது, உண்பது, மாத்திரையை நேரத்துக்கு எடுப்பது ஆகியவற்றை நோயாளி மீண்டும் தாமே செய்ய வழிசெய்வதாகும்.

சர்க்கரை நோயும் மனச்சிதைவும் சேர்ந்துள்ள ஒருவர் காலையில் எழ மறுத்தால், காரணத்தை மனநோயின் மேல் போட்டுவிடுவதே இத்துறையில் மிகப் பெரிய தவறு. இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். மனநோய்க்கான மாத்திரையால், எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரியலாம். படுத்திருக்கும்போது ஒரு முறையும், நின்ற 3 நிமிடங்களுக்குள் மறுமுறையும் அளந்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்திருந்தால், குளியல் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனநிலை ஏற்றத்தாழ்வுக்குத் தரப்படும் லித்தியம் என்னும் மருந்தை உட்கொள்பவருக்கு வயிற்றுப்போக்குக்குப் பின் கை கடுமையாக நடுங்கி நடையும் தள்ளாடினால், தடித்த பிடியுள்ள கரண்டியைத் தேடும் நேரமல்ல அது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கும் நேரம். அதேபோல், நேற்றுவரை சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டவர் இன்று மாலை அதையே மறந்து விழித்தால், பழைய மனநோய் திரும்பியதாகக் கொள்ளாமல், கிருமித்தொற்றோ சோடியம் குறைவோ உண்டாக்கிய டெலிரியமா, அதாவது உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களின் தமிழர் விஷயத்தில் இன்னொரு பிழையும் நேரக்கூடும். மலையாளத்தில் கேட்ட கேள்விக்கு மௌனமாக இருப்பவரை ஒடுங்கிப்போனவர் என்றும், என்ன மாதம் என்றதற்கு ஐப்பசி என்றவரை நினைவு தப்பியவர் என்றும் குறித்துவிடலாகாது. அங்கே மலையாள மாதக் கணக்கில் துலாம் என்பதைத்தான் அவர் ஐப்பசி என்கிறார். கவனத்தைச் சோதிக்க நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதைவிட, பள்ளி செல்லாத ஒருவரிடம் சந்தைக் கணக்கைக் கேட்பது நியாயமானது.

கூட்டிருப்பவர் பாசத்தால் ஊட்டிவிடுவதைக் குறை சொல்ல மனம் வராது. ஆயினும் கையில் வலுவிருக்கும்போது முதல் நான்கு கவளமாவது நோயாளியே எடுத்து உண்ண விட வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர் பாதியில் நிறுத்தினால், பிடிவாதம் என்று எண்ணாமல் இளைப்பாற விட்டுத் தொடரலாம்.

வீட்டுக்கு அனுப்பும் முன், கழிப்பறை வீட்டுக்கு வெளியிலா, படி எத்தனை, அடுப்பு விறகா கேஸா என்று கேட்டு, பாதத்தில் உணர்விழந்தவரானால் செருப்பில்லாமல் அடுப்பருகே செல்லக் கூடாதென்பதை வீட்டாரிடம் அவர்கள் மொழியிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.