கலப்பு சிமென்ட்டைக் குறை சொல்லும் முன்: கட்டுமிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு எடுக்கும் கிளிங்கர்தான் சிமென்ட்டுக்கு உயிர். அந்தக் கல் சூளையில் வேகும்போதே தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை வெளியிடுவதால், எரிபொருளை மாற்றினாலும் ஆலையின் உமிழ்வில் பெரும்பகுதி குறையாது. கிளிங்கரின் அளவைக் குறைத்தால்தான் குறையும். அதற்காகவே கலப்பு சிமென்ட்டுகள் வந்தன: அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்த பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்) வகையும், இரும்பாலைக் கசடு கலந்த பிஎஸ்சி (போர்ட்லேண்ட் ஸ்லாக் சிமென்ட்) வகையும் சந்தையில் உள்ளன. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமென்ட்டுக்கும் 2023இல் ஐஎஸ் 18189 என்ற இந்தியத் தரநிலை வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் தளம் போடும் நாளில் கலப்பில்லாத சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டான ஓபிசிதான், அதிலும் 53 என்ற வலிமைத் தரம்தான் வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், கலப்பு சிமென்ட்டால் முன்பு எங்கோ பட்ட கசப்பு. அந்தக் கசப்பு பெரும்பாலும் சிமென்ட்டால் வந்ததன்று, அவசரத்தால் வந்தது.

சாம்பல் தானாக இறுகாது. சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது பிறக்கும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, ஈரம் இருக்கும் வரை மெல்ல மெல்ல வலுவூட்டுவதே அதன் இயல்பு. ஈரம் போய்விட்டால் அது வெறும் தூளாகத் தங்கிவிடும். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாளும் கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாளும் நீராற்ற (கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருக்க) வேண்டும் என்றும், பின்னதை 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்வது இதனால்தான். நடப்பது வேறு. காலையில் பாத்தி கட்டி நிரப்பிய தண்ணீர் சித்திரை வெயிலில் பிற்பகலுக்குள் வற்றிப்போய்த் தளம் வெளிறிக் கிடக்கும்; தூணில் சுற்றிய சாக்கைத் தொட்டால் மொறமொறவென்று இருக்கும். ஒரு வேளை தண்ணீர் விட்டதை ஒரு நாள் நீராற்றியதாகக் கணக்கில் எழுதுவதுதான் இதில் மிகப் பெரிய தவறு என்பேன்.

தளம் இறுகும் வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிப்பதிலும் இதே அவசரம்தான். தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று எல்லா மேஸ்திரிகளுக்கும் மனப்பாடமான கணக்கு ஓபிசிக்கு உரியது. மற்ற சிமென்ட்டுகளுக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதே தரநிலை கூறுகிறது. சென்ட்ரிங் பலகையின் வாடகையை மிச்சப்படுத்த முட்டுகளை முன்கூட்டியே உருவிவிட்டு, தளம் தொய்ந்ததும் சாம்பலைக் குறை கூறுவது நியாயமன்று.

ஏற்கெனவே சாம்பல் கலந்த பிபிசியில் கட்டுமிடத்திலும் சாம்பலைக் கொட்டக் கூடாது. கலவை இளகி வர வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டி, அதைச் சரிக்கட்ட இன்னொரு மூட்டை சிமென்ட் போடுவதும் வேண்டாம். செலவும் கரிம உமிழ்வும் ஏறுவதோடு சுருக்க வெடிப்பும் வரும்.

பொறியாளர்கள் செய்யும் தவறும் ஒன்றுண்டு. அடித்தளம் முழுச் சுமையைத் தாங்கப் பல மாதங்கள் இருக்கையில், அதற்கும் கான்கிரீட் போட்ட 28ஆம் நாளிலேயே எட்ட வேண்டிய வலிமையைக் கேட்டு எழுதுகிறார்கள்; கலப்பு சிமென்ட்டோ மெல்லத்தான் வலுவேறும். 56ஆம் நாள் வலிமையை ஏற்கலாம் என்று ஒப்பந்தத்தில் முன்பே குறிப்பிட்டால், கலவை வடிவமைப்பவர் கிளிங்கரைத் துணிந்து குறைக்க முடியும்.