கட்டைவிரல் வீங்கினால் நடை வேண்டாம்

தையல் மெஷின் மிதிக்கிற எனக்குப் பிழைப்பே காலில்தான். அந்தக் கால் கட்டைவிரலில்தான் கவுட், அதாவது ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிகமாகப் படிகிற வாத நோய், வந்து உட்கார்ந்திருக்கிறது. வலி பெரும்பாலும் நடுராத்திரியில் கிளம்பும். மூட்டு சிவந்து, போர்வை உரசினாலே உயிர் போகும்.

அப்போது உடற்பயிற்சி கிடையாது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, துண்டில் சுற்றிய ஐஸ்கட்டியை 20 நிமிடம் வையுங்கள். தைலம் போட்டு நீவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த, வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற கோல்சிசின் மாதிரி மாத்திரைகள் முதல் நாளே ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்க ஏற்கெனவே அலோபுரினால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.

வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். அப்புறம் உட்கார்ந்தபடியே கணுக்காலை மெதுவாகச் சுழற்றுங்கள். வலி இல்லையா, சரி, சமதளத்தில் பத்து நிமிட நடை, பிறகு சைக்கிள். நீச்சல் தெரிந்தால் இன்னும் நல்லது, மூட்டில் பாரம் விழாது. செருப்பு முன்பக்கம் அகலமாக இருக்கட்டும்.

வியர்க்க வியர்க்க உழைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வலி திரும்பிவிடும். என் மெஷின் பக்கத்தில் எப்போதும் சொம்புத் தண்ணீர் இருக்கும். யூரிக் அமிலத்தை ஏற்றுகிற பீரும் ஆட்டு ஈரலும் விட்டாயிற்று. நெத்திலிக் கருவாடு மட்டும் எப்போதாவது, மனைவி பார்க்காதபோது.