ஓ-ரிங்கைக் கெடுப்பது கடல் இல்லை, நம் கைதான்

திருகோணமலை நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குக் கடலுக்கடியில் படமெடுக்கக் கமராவோடு போகிறவர்கள் அனேகமாக ஆழத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் என்று கூடும் அமுக்கம், கமராவைத் தண்ணீர் படாமல் மூடிவைக்கும் பெட்டியான ஹவுசிங்கின் மூடியை இன்னும் இறுக்கத்தான் செய்யும். தண்ணீர் வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மீற்றரிலேயே வந்துவிடும், மூடி இடுக்கில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் கிடந்த ஒரு தலைமயிரோ துவாய் நூலோ போதும். அதனால் தலை சொட்டச் சொட்டப் படகிலேயே திறந்து மெமரி கார்ட் மாற்றாதீர்கள்.

கிரீஸ்தான் தண்ணீரை மறிக்கிறது என்று நினைத்து, பாணுக்கு பட்டர் பூசுவதுபோல் அப்புகிறார்கள். மறிப்பது நசுங்கி நிற்கும் ரப்பர். கிரீஸ் அது முறுகாமல் வழுக்கி உட்காரத்தான். ஒரு துளி போதும், ரிங் மினுங்க வேண்டும், கட்டியாகத் தெரியக்கூடாது, தெரிந்தால் அது மணல் பிடிக்கும் பசை. பூசும்போது இரண்டு விரலுக்கிடையில் நீட்டாமல் மெதுவாக ஓடவிடுங்கள், கண்ணுக்குப் படாத மணலும் விரலில் உறுத்தும். எந்தக் கிரீஸ்? ஹவுசிங் செய்த கம்பனி சொன்னதுதான். சிலிக்கன் ரிங்குக்குச் சில சிலிக்கன் கிரீஸ்களே ஆகாது, ஊதிவிடும். வாசலின் வேண்டவே வேண்டாம்.

ஊசியால் குத்திக் கழற்றாதீர்கள். ரிங் போனால் இன்னொன்று வாங்கலாம், அது உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் எந்த ரிங்கும் உதவாது. இரண்டு விரலால் தள்ளினால் ஓரிடத்தில் மேலெழும், அதைப் பிடித்து எடுங்கள். தட்டையாகியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள், ஹாட்வெயார் கடையில் 'சைஸ் சரி' என்று தரும் வளையம் வேண்டாம், தடிப்பில் சின்ன வித்தியாசமே ஒழுக்குக்குப் போதும். புதிது போட்டதும் கமரா இல்லாமல், உள்ளே ஒரு ரிசூ வைத்து மூடி முதலில் கடலில் இறக்கிப் பாருங்கள்.

கரைக்கு வந்ததும், உப்பு காய்வதற்குள், மூடியபடியே நல்ல தண்ணீர் வாளியில் ஊறவிட்டு பட்டன்களை அமத்தி அமத்தி எடுங்கள். பட்டன்களின் உள்ளே இருக்கும் குட்டி ரிங்குகளுக்கு நம் கை எட்டாது, அது சேர்விஸ்காரர் வேலை.

வாடை தொடங்கிச் சீசன் முடிந்தால் ஹவுசிங்கைப் பூட்டியபடி அலுமாரியில் வைக்காதீர்கள், மாதக்கணக்கில் நசுங்கிய ரப்பர் பழையபடி எழும்பாது. ரிங்கைக் கழற்றித் துடைத்து, மடிக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.